ஸ்வால்பார்டா, கிழக்கு கிரீன்லாந்தா, கனடாவா: ஆர்க்டிக் கப்பலில் எங்கே ஏறுவது?

கோடியக்கரையில் குளிர்காலங்களில் உப்பளத்து ஓரம் நின்று வளைமூக்கு உள்ளான்களையும் கொசு உள்ளான்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் பறவைகள். அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் நிலத்தில் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த வடகோடியை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. டொரண்டோவில் இருக்கும் அக்காவுக்கும் அதே ஆசை, காரணம்தான் வேறு. சேர்ந்தே போவது என்று முடிவானது. எங்கே போவது என்பதில் மட்டும் ஓராண்டு ஓடிவிட்டது. அந்த ஓராண்டில் படித்ததையும் போய்வந்தவர்களிடம் கேட்டதையும் வைத்து நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்று எழுதுகிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

ஊர் ஊராகத் துறைமுகம் தொட்டுப் போகும் சொகுசுக் கப்பலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பயணத்தில் பெரும்பாலான நாட்களில் துறைமுகமே கிடையாது. கப்பல் ஏதாவது ஒரு விரிகுடாவில் நங்கூரம் போடும். பக்கவாட்டு ஏணி வழியாக இறங்கி, சோடியாக் என்கிற காற்றடைத்த ரப்பர் படகில் பத்துப் பேர் போல உட்கார்ந்து, கரைக்குப் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்து இறங்க வேண்டும். அதற்கென்றே உயரமான ரப்பர் பூட்ஸ் தருவார்கள். வழக்கமாகக் காலையில் ஒரு முறை, மதியத்துக்கு மேல் ஒரு முறை. துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் முதலில் போய்ப் பனிக்கரடி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் நமக்கு அனுமதி. அச்சடித்துத் தரும் பயணத் திட்டம் வெறும் உத்தேசம்தான். காற்றும் கடற்பனியும் எந்த நேரமும் அதை மாற்றும். இது பிடிக்காதவர்கள் மூன்றில் எதற்கும் போக வேண்டாம் என்பேன்.

கழித்துவிட்ட ரஷ்யா

மனமில்லாமல்தான் கழித்தேன். கோடியக்கரைக்கு வரும் அந்த வளைமூக்கு உள்ளான்களின் சொந்த ஊர் சைபீரியாவின் வடகோடி, டைமிர் தீபகற்பம் பக்கம். நான் உண்மையில் பார்க்க நினைத்த நிலம் அதுதான். அதற்கு மேற்கே, கடலுக்குள் பிரான்ஸ் யோசேப் நிலம் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. 192 தீவுகள். 1873-இல் ஓர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பயணக்குழு, பனியில் சிக்கி மிதந்து போகும் வழியில் தற்செயலாகக் கண்டுபிடித்தது. 1895-96 குளிர்காலத்தை நார்வேயின் துருவப் பயணிகள் நான்சனும் யோஹான்சனும் அங்கே கல்லடுக்கிய குடிசைக்குள், கரடி இறைச்சியும் வால்ரஸ் கொழுப்பும் கொண்டு கழித்தார்கள். இன்னும் கிழக்கே ராங்கெல் தீவு. மாமூத் யானைகள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே உயிரோடிருந்தன. இன்று பனிக்கரடிகள் குட்டி ஈனக் குகை தோண்டும் இடங்களில் முதன்மையானது அது.

2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் சர்வதேசக் கப்பல் நிறுவனங்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டன. போருக்கு நடுவே, காப்பீட்டுக்கும் மீட்புக்கும் உத்தரவாதம் இல்லாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக நான் தயாராக இல்லை. மீதி மூன்று.

ஸ்வால்பார்டு

நார்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவில், 74-இலிருந்து 81 பாகை வடக்குவரை பரந்த தீவுக்கூட்டம். நிலத்தில் பாதிக்கும் மேல் பனியாறுகள். முதன்மை ஊர் லாங்யியர்பியன், மக்கள்தொகை சுமார் 2,500. ஆஸ்லோவிலிருந்து விமானம் ஏறினால் மூன்று மணி நேரத்தில் 78 பாகை வடக்கில் இறங்கிவிடலாம். உலகத்தில் இவ்வளவு வடக்கே இவ்வளவு எளிதாகப் போய்ச்சேர வேறு வழி கிடையாது. கப்பல் ஏறிய அன்று மாலையே பனியாற்றின் முன்னால் நிற்கலாம். நாள்கணக்கில் திறந்த கடலைக் கடக்க வேண்டியதில்லை. கடல் ஒவ்வாமையால் வாந்தி எடுத்துப் படுத்துவிடுபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஸ்வால்பார்டுக்குப் போகச் சொல்லி வரும் விளம்பரங்களில் ஒன்றை நம்பாதீர்கள். இங்கே மனிதர்களைவிடப் பனிக்கரடிகள் அதிகம் என்று எழுதியிருப்பார்கள். அது ரஷ்யப் பக்கத்தையும் கடற்பனியையும் சேர்த்து, பேரன்ட்ஸ் கடல் முழுவதற்கும் போட்ட கணக்கு. 2015-இல் எண்ணிப் பார்த்தபோது ஸ்வால்பார்டு தீவுகளிலேயே தங்கியிருந்த கரடிகள் 300-க்கும் குறைவு. கோடையில் கடற்பனி வடக்கே ஒதுங்கும்போது ஒரு பகுதிக் கரடிகள் அதன் பின்னாலேயே போய்விடும். நிலத்தில் தங்கிவிட்டவை வாத்து முட்டைகளைத் தின்றும், கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கில உடலைத் தின்றும், சில சமயம் துருவ மானைத் துரத்திப் பிடித்தும் பசியைத் தள்ளுகின்றன.

2025 ஜனவரி 1 முதல் நார்வே அரசு விதிகளை இறுக்கியிருக்கிறது. கரடிக்கும் நமக்கும் இடையே குறைந்தது 300 மீட்டர் இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். அந்த மாதங்களில்தான் தாய்க்கரடி குட்டிகளோடு வெளியே வந்து, பனிமேல் சீல் பிடித்து, ஆண்டு முழுமைக்குமான கொழுப்பைச் சேர்க்கிறது. அப்போது ஒரு கப்பல் குறுக்கே போய் ஒரு வேட்டையைக் கெடுத்தால், அது குட்டிக்குக் கிடைக்காமல் போன பால். இந்த விதி எனக்கு முழு சம்மதம். 300 மீட்டரில் கரடி கண்ணுக்கு ஒரு மஞ்சள் புள்ளி. நல்ல பைனாகுலர் இருந்தால் நடையும் முகமும் தெரியும். கைப்பேசிப் படத்துக்காகப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

2018 ஜூலையில் ஸ்வால்பார்டின் வடகோடித் தீவுகளில் ஒன்றில், பயணிகள் இறங்குமுன் கரையைச் சோதிக்கப் போன காவலரைக் கரடி தாக்கியது. அந்தக் கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. பார்க்க வந்தவர்களால் பார்க்கப்பட வேண்டியது செத்துப்போனது. இதைப் படித்த நாளிலிருந்து, பயணம் விற்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, 'கரடி தெரிந்தால் என்ன செய்வீர்கள்?' என்பது. உடனே இறங்குவதை நிறுத்திவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவோம் என்று தயக்கமின்றிச் சொல்பவரிடம்தான் பணம் கட்டலாம்.

சரி, கரடிக்காக இல்லையென்றால் ஸ்வால்பார்டு எதற்காக? என்னைக் கேட்டால் பறவைப் பாறைகளுக்காக.

ஹின்லோபென் நீரிணையில் அல்கேஃப்யெல்லெட் என்றொரு பாறைச்சுவர். கடலிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் கருங்கல் தூண்கள். அதன் விளிம்புகளில் சுமார் 60,000 ஜோடி கில்லிமாட் பறவைகள் கூடு கட்டாமலே அடைகாக்கின்றன. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகப் பார்க்கப் பெங்குவின் சாயல், ஆனால் பறக்கும். ஒரு ஜோடிக்கு ஒரே முட்டை, அதுவும் வெறும் கல்லின்மேல். ஒரு முனை கூர்ந்த பேரிக்காய் வடிவ முட்டை. அத்தனை பறவைகளின் இரைச்சலும் எச்சத்தின் நாற்றமும் பாறை கண்ணில் படுவதற்கு முன்பே வந்துவிடும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஜூலைக் கடைசியில், ஆகஸ்டு தொடக்கத்தில் அங்கே நடப்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று வார வயதில், சிறகு முளைத்தும் முளைக்காத குஞ்சு அந்த விளிம்பிலிருந்து குதிக்கிறது. பறக்கத் தெரியாது. சின்னஞ்சிறு இறக்கைகளை அடித்துக்கொண்டு ஏறக்குறைய விழுகிறது. தகப்பன் பறவை அதனோடு கடலுக்குள் போய், பிறகு வாரக்கணக்கில் தண்ணீரிலேயே வைத்து ஊட்டி வளர்க்கிறது. கடலை எட்டாமல் சரிவில் விழும் குஞ்சுகளுக்காக ஆர்க்டிக் நரிகள் கீழே காத்திருக்கும். அவற்றின் குட்டிகளுக்கும் அது விருந்துக் காலம். பாறை மேலிருந்து கொட்டும் எச்சத்தால் அடிவாரத்தில் மட்டும் பசேலென்று புல்லும் பாசியும். அதைத் தேடி மான்கள். ஒரு பாறையைச் சுற்றி ஒரு முழு ஊரே வாழ்கிறது. ரப்பர் படகில் அமர்ந்து, எஞ்சினை அடக்கி, இதை ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

இன்னும் சில: வால்ரஸ் கூட்டங்கள் மணற்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். வேட்டையால் கிட்டத்தட்ட இல்லாமல் போய், 1952-இல் பாதுகாக்கப்பட்ட பிறகு மெல்ல மீண்டு வந்தவை இவை. நூர்டாவுஸ்ட்லாண்டெட் தீவின் தெற்கே சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் முடியும் பனிச்சுவர், அதிலிருந்து கொட்டும் அருவிகள். மேற்கே நியூ-ஆலெசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பு. இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலையிலிருந்து அங்கே இயங்குகிறது. உள்ளே போய்ப் பார்க்க எதிர்பார்க்கக் கூடாது. வெளியே நின்று பார்க்கலாம், அதுவும் கைப்பேசி அலைகளையெல்லாம் அணைத்துவிட்டு. அங்குள்ள கருவிகளுக்கு அவை இடையூறு.

கப்பலின் அளவு

இந்த இடத்தில் கப்பல் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்தத் தீவு என்பதைவிட எத்தனை பேர் ஏறும் கப்பல் என்பதுதான் பயணத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 2025 முதல் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் நுழையவே முடியாது. அங்கே கரையிறங்குவதும் குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டும். ஆயிரக்கணக்கானோர் ஏறும் மிதக்கும் நகரங்கள் லாங்யியர்பியன் பக்கம் வந்துபோகின்றன. அவற்றில் கட்டணம் குறைவு. மேல்தளத்திலிருந்து மலைகள் தெரியும். ஆனால் நான் மேலே எழுதிய எதுவும் தெரியாது.

200 பேர் கப்பலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே நேரத்தில் எல்லோரையும் இறக்க முடியாது. குழு குழுவாகப் பிரிப்பார்கள். கரையில் கிடைக்கும் நேரம் பாதியாகும். நூறு பேருக்குள் என்றால் வேலை சுலபம். 12 பேர், 20 பேர் ஏறும் பாய்மரக் கப்பல்களும் இருக்கின்றன. இறங்கியதும் நாமும் நிலமும் மட்டும்தான். ஆனால் அவை ஆடும் ஆட்டம் வேறு, கடற்பனி அடர்ந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். முழுத் தீவையும் சுற்றிவர வேண்டுமானால் பனிக்கு ஏற்ற வலுவான உடல் கொண்ட கப்பல் வேண்டும். எங்கள் கணக்கில் நூறு பேர் அளவு சரியாக வந்தது.

அவ்வளவு பணம் இல்லையென்றால் லாங்யியர்பியனில் நாலைந்து நாள் அறை எடுத்துத் தங்கி, பகல் படகுகளில் போய்வரலாம். 1998-இல் சுரங்கத்தை மூடிவிட்டுச் சோவியத் காலத்துக் கட்டடங்களை அப்படியே விட்டுப்போன பிரமிடன், அதற்கு எதிரே கடலில் முடியும் பனியாறு, ஊருக்கு வெளியே கீழே கூடு வைத்து, நெருங்கினால் தலையில் கொத்த வரும் ஆர்க்டிக் ஆலாக்கள், தெருவிலேயே மேயும் குட்டைக்கால் துருவ மான்கள். ஊருக்கு மேலே மலையில், உலகப் பயிர்களின் விதைகளைச் சேமித்துக் காக்கும் உலக விதைப் பெட்டகத்தின் வாசல். உள்ளே விடமாட்டார்கள். உறைந்த மலைக்குள்ளே நெல் வகைகளும் இருக்கின்றன என்ற நினைப்போடு வாசலில் ஐந்து நிமிடம் நின்றாலே எனக்குப் போதும்.

கிழக்கு கிரீன்லாந்து

விலங்குகளை எண்ணிப் போகிறவர்கள் இங்கே போக வேண்டாம். நிலத்துக்காகப் போகிறவர்களுக்கு இதற்கு இணை கிடையாது.

ஸ்கோர்ஸ்பி சுண்ட் உலகத்திலேயே மிகப் பெரிய ஃபியோர்டுத் தொகுதி. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து, உள்நாட்டுக்குள் சுமார் 350 கிலோமீட்டர் தூரம் கை கையாகப் பிரிந்து போகிறது. இருபக்கமும் ஓராயிரம், ஈராயிரம் மீட்டர் மலைகள். மேல்கோடியில் டவுகார்ட்-யென்சன் பனியாறு உடைத்துவிடும் பனிமலைகள் மெல்ல மிதந்து வந்து, ஆழம் குறைந்த இடங்களில் தரைதட்டி நிற்கும். சிவப்புப் பாறைத் தீவு ஒன்றின் பின்னால் வெள்ளையும் நீலமுமாக அவை நிற்கும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் மனம் மாறும். எனக்கும் ஒரு மாதம் மாறித்தான் இருந்தது.

ஃபியோர்டின் வாயில் இட்டோக்கோர்ட்டூர்மீட் என்ற ஊர். ஏறக்குறைய 350 பேர். 1925-இல் தெற்கிலிருந்து குடியேறிய, ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் குடும்பங்களின் வழிவந்தவர்கள். ஆண்டில் பெரும்பகுதி கடற்பனி ஊரை அடைத்துவிடும். கோடைக் கடைசியில் சில வாரங்கள்தான் கப்பல் வரும். பனிக்கரடி, நீண்ட தந்தம் கொண்ட நார்வால் திமிங்கிலம், சடை எருது எல்லாம் இவர்களுக்கு உணவு, உடை, வருமானம். அரசு ஒதுக்கீட்டின்படி வேட்டையாடுகிறார்கள். அதனால் விலங்குகள் மனிதரைக் கண்டால் விலகிவிடும். வீட்டு முற்றத்தில் காயும் கரடித்தோலைப் பார்த்து முகம் சுளிக்கும் பயணிகள் உண்டாம். அந்த ஊர்க் கடையில் காய்கறி என்ன விலை, அடுத்த சரக்குக் கப்பல் எத்தனை மாதம் கழித்து வரும் என்று விசாரித்துவிட்டுப் பேசட்டும்.

வடக்கே தொடரும் தேசியப் பூங்கா 1974-இல் அமைக்கப்பட்டது. பரப்பு 9,72,000 சதுர கிலோமீட்டர், உலகின் ஆகப் பெரியது. ஆகஸ்டு இறுதிக்குப் பிறகு அங்கே தரையோடு படர்ந்த வில்லோவும் குட்டை பிர்ச்சும் அவுரிப்பழச் செடிகளும் சிவந்து, இரவும் திரும்பிவிடுவதால் வடதுருவ ஒளியைக் காண வாய்ப்பு உண்டு. ஸ்வால்பார்டின் கோடையில் அது நடக்காது. லாங்யியர்பியனில் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்டு 22 வரை சூரியன் மறைவதே இல்லை.

இடைஞ்சல் இரண்டு. ஐஸ்லாந்திலிருந்து டென்மார்க் நீரிணையைக் கடந்துதான் போக வேண்டும். செப்டம்பரில் அது அமைதியான கடல் அல்ல. இரண்டாவது, ஏதாவது நடந்தால் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. 2023 செப்டம்பரில் 206 பேரோடு போன ஒரு கப்பல் அந்தப் பூங்காவுக்குள் ஆல்ப்ஃபியோர்டில் தரைதட்டியது. டென்மார்க் கடற்படையின் கப்பல் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. மூன்று நாள் கழித்து கிரீன்லாந்தின் மீன்வள ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று இழுத்து விடுவித்தது. யாருக்கும் காயமில்லை. மூட்டுவலியும் இரத்த அழுத்த மாத்திரையுமாக வரும் அக்காவை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியை நான் பலமுறை படித்தேன்.

கனடாவின் வடதீவுகள்

இது அக்காவின் விருப்பம். 'இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆச்சுடா. இதோட வடக்குப் பாதியை வரைபடத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன்' என்பாள். கனடாத் தமிழர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்லக்கூடும். அவர்களுக்கு விசாத் தொல்லையும் இல்லை.

பாஃபின் தீவுக்கும் டெவன் தீவுக்கும் நடுவே லங்காஸ்டர் நீரிணை. இனுயிட் மொழியில் டல்லுருட்டியுப் இமங்கா. அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்கு வழியாகப் பசிபிக்குக்குப் போகும் கடல்வழியான வடமேற்குப் பாதையின் கிழக்கு வாசல் இது. இன்று அதைச் சுற்றி ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடற்பாதுகாப்புப் பகுதி. நார்வால், பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலம், 200 ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய போஹெட் திமிங்கிலம், பிரின்ஸ் லியோபோல்டு தீவின் பறவைச் சுவர்கள் எல்லாம் இங்கேதான். ஸ்வால்பார்டில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து திமிங்கில வேட்டைக்காரர்கள் கிட்டத்தட்ட அழித்துவிட்ட போஹெட், இங்கே இன்னும் நிறைய வாழ்கிறது.

பீச்சி தீவில் மூன்று கல்லறைகள் உண்டு. 1845-இல் வடமேற்குப் பாதையைத் தேடி, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிராங்க்ளின் தலைமையில் 129 பேர் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அவர்களில் முதல் குளிர்காலத்திலேயே இறந்த மூவர் அங்கே கிடக்கிறார்கள். கப்பல்கள் எங்கே மூழ்கின, ஆட்கள் எப்படிச் செத்தார்கள் என்று இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். லண்டன் காது கொடுக்கவில்லை. கடைசியில் 2014-இல் எரெபஸ் கப்பல் அவர்கள் சொன்ன வட்டாரத்திலேயே கிடைத்தது. 2016-இல் டெரர் கப்பல், ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கோக்விக் என்பவர் சொன்ன விரிகுடாவில் கிடைத்தது. 1999-இல் இந்த வடபகுதி நுனாவுட் என்ற தனி ஆட்சிப்பகுதி ஆனபின் அந்த மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். சில கப்பல்களில் இனுயிட் வழிகாட்டிகளும் உடன் வருகிறார்கள். அக்கா கேட்க விரும்புவது அந்தக் குரலைத்தான்.

ஆனால் மூன்றிலும் நிச்சயம் குறைந்தது இதுதான். வடக்கே உள்ள பழைய தடித்த பனி கால்வாய்களுக்குள் இறங்கிவரும் ஆண்டுகளில் பாதை அடைபட்டுவிடும். உலகம் சூடாவதால் வழி எளிதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருவது உண்மை. ஆனால் வடக்கே பனி இளகுவதால்தான் அந்தத் துண்டுகள் தளர்ந்து தெற்கே வருகின்றன. கடலடி அளவீடும் பல இடங்களில் முழுமையாக இல்லை. 2010-இலும் 2018-இலும் பயணிகள் கப்பல்கள் இங்கே பாறையில் ஏறியிருக்கின்றன. இறங்கும் இடங்களுக்கு நடுவே தூரமும் அதிகம். முழு நாளும் கப்பலிலேயே கழியும் நாட்கள் வரும். சிறப்பு விமானத்தில்தான் தொடங்கும் இடத்துக்கே போக முடியும் என்பதால் விலை ஸ்வால்பார்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. ஸ்வால்பார்டில் பத்து நாளுக்கு, மூன்று பேர் பகிரும் கேபினில், ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறைந்து எதுவும் என் கண்ணில் படவில்லை. விமானக் கட்டணம் தனி. இரண்டு மடங்கு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விசாவும் முழங்காலும்

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கவனிக்க: 1920-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசாவே வேண்டாம். ஆனால் நார்வே வழியாகத்தான் போக முடியும். ஸ்வால்பார்டு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்கு வெளியே. ஆக, போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறித் திரும்பும்போது மறுபடி நுழைகிறோம். ஒற்றை நுழைவு விசா வாங்கினால் திரும்பிவர முடியாது. பலமுறை நுழைவு விசா என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, கப்பல் பதிவுச் சான்றை இணைக்க வேண்டும். கிரீன்லாந்தும் ஷெங்கனில் இல்லை. அதற்கு டென்மார்க் தூதரகம் வழியாகக் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட விசா தனியாக வேண்டும், ஐஸ்லாந்துக்கான ஷெங்கனும் வேண்டும். இதில் தவறு செய்தால் கட்டிய பணம் திரும்பாது.

முழங்கால் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அலையில் மேலும் கீழும் ஆடும் ரப்பர் படகுக்கு ஏணியிலிருந்து ஓர் அடி எடுத்துவைக்க வேண்டும். இரண்டு மாலுமிகள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு படகின் விளிம்பில் உட்கார்ந்து நகர வேண்டும். கரையில் உருண்டைக் கற்களின்மேல் நடை. இதை நாளுக்கு இருமுறை, பத்து நாள். அக்கா ஆறு மாதமாகத் தினமும் மாடிப்படி ஏறிப் பழகிக்கொண்டிருக்கிறாள். கரையிறங்காமல் படகிலேயே சுற்றிவரும் வாய்ப்பும் பல நாட்களில் உண்டு. பறவைப் பாறைகளும் பனியாற்று முகங்களும் படகிலிருந்துதான் நன்றாகத் தெரியும். மருத்துவ மீட்புக்கான காப்பீடு மூன்றுக்குமே கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

ஸ்வால்பார்டில் மே, ஜூன் என்றால் மலையெல்லாம் வெண்பனி, கரைவரை கடற்பனி. பார்க்க அழகு. ஆனால் கரடிக்கு 500 மீட்டர் விதி, சுற்றிவர வழியும் திறந்திருக்காது. ஜூலை நடுவிலிருந்து பனி விலகி, ஹின்லோபென் பக்கம் போக வாய்ப்புக் கூடுகிறது. ஆகஸ்டு பாதிக்கு மேல் பாறைகள் காலியாகிவிடும், பறவைகள் கடலுக்குப் போயிருக்கும். அதே பாறைக்கு இரண்டு வாரம் தாமதமாகப் போனால் வெறும் கல்லைத்தான் பார்ப்போம். விலை குறைகிறதே என்று ஆகஸ்டுக் கடைசியைத் தேர்ந்துகொள்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

நாங்கள் ஸ்வால்பார்டைத்தான் எடுத்தோம், ஜூலைக் கடைசி வாரம், நூறு பேர் ஏறும் கப்பல், முழுத் தீவையும் சுற்றிவரும் திட்டம். கடல் அமைதி, மருத்துவமனை உள்ள ஊர் கைக்கெட்டும் தூரம், குஞ்சுகள் குதிக்கும் வாரம் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்தது அங்கேதான். அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கில்லிமாட் குஞ்சு குதிக்கும் காணொளி ஒன்றை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் அழைத்தாள்: 'அந்தக் குஞ்சு பிழைச்சுதா இல்லையா, அதைச் சொல்லுடா முதல்ல.' பிழைத்தது என்றேன். முழங்கால் இன்னும் தாங்கும்போதே கனடாப் பயணத்துக்கும் பணம் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள். அது நியாயமான நிபந்தனை.

நாங்கள் கப்பலேறும் அந்த வாரத்தில், கிழக்கே வெகுதூரத்தில் வளைமூக்கு உள்ளான்களின் ஆண்பறவைகள் டைமிரை விட்டு ஏற்கெனவே கிளம்பியிருக்கும். பெண்களும் குஞ்சுகளும் பின்னால் வரும். ஆகஸ்டில் முதல் கூட்டம் கோடியக்கரையில் இறங்கும், மார்பில் செங்கல் நிறம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்க. ஊர் திரும்பிய மறுவாரம் அங்கே போக ரயில் டிக்கெட்டும் எடுத்துவைத்துவிட்டேன்.